பழைய பேஸ் கிட்டார்: விலைக்கு ஒரு கணக்கு, வாசிப்புக்கு ஒரு கணக்கு

ஃபெண்டர் நிறுவனத்தின் பழைய பேஸ் கிட்டார் ஒன்றுக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று யாராவது கேட்டால், "வாசிக்கவா, சேர்த்து வைக்கவா?" என்றுதான் நான் முதலில் கேட்பேன். இரண்டுக்கும் கணக்கு வேறு. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே எத்தனை பாகங்கள் மிச்சமிருக்கின்றன என்பதைப் பார்த்துச் சந்தை விலை போடுகிறது. வாசிக்க நன்றாக இருக்குமா என்பதைப் பெரும்பாலும் நெக், அதாவது விரல்கள் ஓடும் கழுத்துப் பகுதி, முடிவு செய்கிறது. இரண்டையும் தனித்தனித் தாளில் எழுதிப் பார்த்தால்தான் கையில் இருக்கும் பேஸை ஒழுங்காக மதிப்பிட முடியும் என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்க பேஸ் கலைஞர் மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸை (ஃபெண்டரின் ஒரு மாடல்) எடுத்துக்கொள்ளுங்கள். கிட்டார் செய்யும் ரோஜர் சடௌஸ்கி அதற்குள் ஒரு பிரீஆம்ப், அதாவது ஒலியைக் கூட்டித் திருத்தும் சின்ன மின்சுற்று, வைத்தார். கம்பிகளைப் பாடியில் தாங்கும் பிரிட்ஜும் மாறியது. பெயர் தெரியாத ஒருவரின் பேஸ் இதே மாற்றங்களோடு விற்பனைக்கு வந்தால் சேகரிப்பாளர்கள் உடனே விலையைக் குறைப்பார்கள். ஆனால் எத்தனையோ பேர் தேடி அலையும் அந்த ஸ்லாப் ஒலி, கட்டைவிரலால் கம்பியை அடித்து எழுப்புவது, இந்த மாற்றங்களோடு சேர்ந்துதான் உருவானது.

நான் குடியிருப்பது தெற்குக் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில். லியோ ஃபெண்டர் தொழிற்சாலை நடத்திய ஃபுல்லர்டன் இதே கவுண்டியில்தான் இருக்கிறது. 1951-ல் பிரெசிஷன் பேஸும் 1960-ல் ஜாஸ் பேஸும் அங்கிருந்துதான் வந்தன. அதனால் இந்தப் பக்கம் பழைய பேஸ் கண்ணில் படுவது அரிதில்லை. வீட்டைக் காலி செய்பவர்கள், அந்தக் காலத்தில் கிளப்புகளில் வாசித்துவிட்டு ஓய்ந்தவர்கள், அப்பா விட்டுப்போனதை என்ன செய்வதென்று தெரியாத பிள்ளைகள் என்று பலரிடமிருந்தும் வருகிறது. சின்ன வயதிலிருந்தே இளையராஜா பாடல்களில் மெட்டை விட்டுவிட்டு அடியில் ஓடும் பேஸையே பிடித்துக்கொண்டு போகும் காது எனக்கு. இங்கே தமிழ்ச் சங்க விழாக்களில் வாசிக்கும் மெல்லிசைக் குழுவில் பேஸ் என் பொறுப்பு.

எங்கள் குழுவில் இருக்கும் தம்பி ஒருவன் ஒருநாள் கூப்பிட்டான். "அண்ணா, 64 பிரெசிஷன்னு போட்டிருக்காங்க. விலை கொஞ்சம் கம்மியா இருக்கு. வந்து பார்க்கிறீங்களா?"

இந்த மாதிரிப் பயணத்துக்கு நான் எடுத்துப்போகும் சாமான்கள் கொஞ்சம்தான். நல்ல ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர், புற ஊதா டார்ச், விமானப் பெட்டியைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் தராசு, ஒரு கேபிள், சின்ன ஆம்ப். இவற்றைவிட முக்கியமானது, நெக்கைக் கழற்றிப் பார்க்கலாமா என்று விற்பவரிடம் போனிலேயே கேட்டு வைப்பது. வேண்டாம் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. அப்படிச் சொன்னால் 'எல்லாம் அசல்' என்ற விலைக்குப் பேச நமக்கு அடிப்படை இல்லை. அவ்வளவுதான். இந்த பேஸை விற்றவர் அதை வாசித்தவரின் மகள். அப்பா 64 என்று சொல்லியிருக்கிறார், அதையே அவரும் எழுதியிருக்கிறார். தாராளமாகக் கழற்றிப் பாருங்கள் என்றார்.

எல்லோரும் முதலில் வரிசை எண்ணைத்தான் பார்க்கிறார்கள். நான் அதைக் கடைசியில் பார்ப்பேன். 1976 வரை அந்த எண் நெக்கைப் பாடியோடு இணைக்கும் இரும்புத் தகட்டில் இருந்தது, அதற்குப் பிறகு நெக்கின் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்குக்குப் போனது. தகடு என்பது நான்கு ஸ்க்ரூவில் நிற்கும் பொருள். ஒரு பேஸிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்ட ஐந்து நிமிடம் போதும். போதாததற்கு, தொழிற்சாலையிலேயே தகடுகளை வரிசைப்படி எடுத்து மாட்டவில்லை. எண்ணை வைத்து ஆண்டைக் குத்துமதிப்பாகச் சொல்லலாம், சத்தியம் செய்ய முடியாது.

நெக்கைக் கழற்றினால் அதன் அடிமுனையில் தெரியும் தேதி முத்திரை அதைவிட நம்பகமானது. 1962-க்கு முன் பென்சிலில் எழுதினார்கள். அதன்பின் மாதமும் ஆண்டும் மையில் குத்தி, பக்கத்தில் நெக்கின் அகலத்தைக் காட்ட ஓர் எழுத்து போட்டார்கள். A என்றால் ஹெட்ஸ்டாக் பக்கம் கம்பிகள் தங்கும் நட் அருகே 1½ அங்குலம், B என்றால் 1⅝, C என்றால் 1¾. ஜாஸ் பேஸுக்கு A வழக்கம். அறுபதுகளின் பிரெசிஷனில் C நிறைய வரும். இது நெக் செய்த தேதி. பாடியோடு சேர்ந்து முழு பேஸாக வெளியே போனது சில மாதம் கழித்தும் இருக்கலாம். தம்பி பார்த்த பேஸில் 64 தெளிவாக இருந்தது, கூடவே C. மை மரத்துக்குள் இறங்கி மங்கியிருந்தது. முத்திரை பளிச்சென்று மேலாக நின்றால் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது பாடியின் முகத்தை மூடும் பிளாஸ்டிக் தகடான பிக்கார்டுக்கு அடியில் இருக்கும் பொட்டுகள், அதாவது வால்யூமையும் டோனையும் கூட்டிக் குறைக்கும் சுழல் பாகங்கள். இவற்றின் முதுகில் ஓர் எண் பொறித்திருக்கும். 304 என்று தொடங்கினால் செய்த நிறுவனம் ஸ்டாக்போல், 137 என்றால் சிடிஎஸ். அதைத் தொடர்ந்து வருவது ஆண்டும் வாரமும். 1377412 என்றால் சிடிஎஸ் நிறுவனம் 1974-ன் 12-ஆவது வாரத்தில் செய்தது. ஒன்றை மறக்கக் கூடாது: ஃபெண்டர் 1966-ல் பொட்டுகளைப் பெரிய அளவில் வாங்கிக் குவித்தது. அதனால் 1968, 69 பேஸ்களில்கூட 66 தேதியுள்ள பொட்டுகள் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 66 பேஸ் என்று சொல்வதும் தவறு, மாற்றிவிட்டார்கள் என்று குற்றம் சாட்டுவதும் தவறு. பொட்டின் தேதி சொல்வது ஒன்றுதான்: பேஸ் இதற்கு முன்னால் முடிந்திருக்காது.

இந்த பேஸில் வால்யூம் பொட் 64. டோன் பொட் 74. அந்தப் பொட்டில் மட்டும் சாலிடர் பளபளப்பாகவும் தடித்தும் இருந்தது, மற்ற இடங்களில் சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தது. வயர்கள் துணி உறை போட்டவை. 68 வாக்கில் பிளாஸ்டிக் உறைக்கு மாறும் வரை இப்படித்தான் வந்தன. ஆக, கரகரத்த ஒரு பொட்டை யாரோ பத்து வருடம் கழித்து மாற்றியிருக்கிறார்கள். வேலைக்குப் போய்வந்த பேஸ் என்றால் இது நடக்கத்தான் செய்யும். விலையில் சின்னக் கழிவு, ஒலியில் எதுவும் இல்லை.

கம்பியின் அதிர்வைச் சுருள் வழியாக மின்சைகையாக்கும் பிக்கப்பை மல்டிமீட்டரில் பார்த்தால் பழைய பிரெசிஷன் சுமார் 10, 11 கிலோ ஓம் காட்டும். ஜாஸ் பேஸின் ஒவ்வொரு பிக்கப்பும் 7, 8 பக்கம். அறையின் சூட்டைப் பொறுத்து எண் கொஞ்சம் மாறும், அதனால் பின்னத்துக்காகச் சண்டை போட வேண்டாம். மீட்டர் எதுவுமே காட்டாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது, திரும்பச் சுற்ற வேண்டும். நல்ல கைக்காரர் சுற்றினால் கேட்க அருமையாகவே இருக்கும், ஆனாலும் சந்தை விலை இறங்கும். இரண்டு கணக்கும் பிரியும் இடங்களில் இதுவும் ஒன்று. இங்கே மீட்டர் 10.5 பக்கம் நின்றது. சாலிடரும் தொடாத சாலிடர்.

பாடியின் பெயிண்டில்தான் பெரிய பணம் இருக்கிறது. சன்பர்ஸ்ட் நிறம், பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் அந்தக் காலத்து ஃபெண்டர் பாடிகளைப் பெயிண்ட் அடித்துக் காயவைக்கும்போது சின்ன ஆணிகள் அடித்து அதன்மேல் நிறுத்துவார்கள். காய்ந்த பிறகு ஆணியைப் பிடுங்கிவிடுவார்கள். எனவே பிக்கார்டுக்கு அடியிலும் சுற்றுவட்டாரத்திலும் மூன்று நான்கு நுண்ணிய துளைகள், உள்ளே பெயிண்ட் படாத வெறும் மரமாக இருக்க வேண்டும். இந்தப் பாடியில் துளைகள் பெயிண்டால் மூடியிருந்தன. அறையை இருட்டாக்கிப் புற ஊதா டார்ச் அடித்தோம். நெக்கில் இருந்த அந்தக் காலத்துப் பூச்சான நைட்ரோ லாக்கர் பச்சையும் மஞ்சளுமாக ஒளிர்ந்தது. பாடி கறுப்பாகவே கிடந்தது. விளிம்புகளும் வழக்கத்தைவிட வழவழவென்று உருண்டிருந்தன, நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள். திரும்பப் பெயிண்ட் அடித்த பாடி என்பதில் சந்தேகமே இல்லை.

இந்தச் சோதனையை எழுபதுகளின் பேஸில் அப்படியே செய்து ஏமாறாதீர்கள். 68 வாக்கில் ஃபெண்டர் தடித்த பாலியெஸ்டர் பூச்சுக்கு மாறியது. ஆனால் ஹெட்ஸ்டாக்கின் முகத்தில் மட்டும், அங்கிருக்கும் பெயர் ஒட்டு கெட்டுவிடும் என்பதால், லாக்கரே தொடர்ந்தது. அதனால் அந்த முகம் மட்டும் நெக்கின் மற்ற பகுதியைவிட மஞ்சளாக இருக்கும். அது அசல் என்பதற்கு நல்ல அடையாளம். அதைப் பார்த்து ஹெட்ஸ்டாக்கை யாரோ தொட்டுவிட்டார்கள் என்று நினைத்து நல்ல பேஸை விட்டவர்கள் இருக்கிறார்கள்.

ஆமையோட்டு நிறத்து பிக்கார்டையும் கவனியுங்கள். பழையது செல்லுலாய்ட். காலப்போக்கில் சுருங்கும், ஸ்க்ரூ இருக்கும் இடத்தில் விரிசல் விடும், ஓரம் தூக்கும். அதிலிருந்து வரும் ஆவி பக்கத்து உலோகத்தைத் துருப்பிடிக்க வைக்கும். விரிசல் இல்லாத அசல் ஒன்று தனியாகவே நல்ல காசு பெறும். பிரிட்ஜை மூடும் குரோம் மூடி பல பேஸ்களில் காணாமல் போயிருக்கும், கைக்கு இடைஞ்சல் என்று கழற்றி எறிந்திருப்பார்கள். அதன் உள்ளே கம்பியை அழுத்தும் பஞ்சு ஒன்று உண்டு. அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த 1962 பிரெசிஷனில் அந்தப் பஞ்சும் தட்டையான கம்பிகளும் சேர்ந்துதான் அந்தக் குறுகிய, உருண்ட ஒலியைக் கொடுத்தன.

இதுவரை எல்லாம் காசுத் தாள். இனி அடுத்த தாள்.

நெக்கைத் திரும்ப மாட்டி, டியூன் செய்து, ஆம்ப் இல்லாமல் முதலில் வாசிக்கச் சொன்னேன். ஆம்ப் பல குறைகளை மறைத்துவிடும். ஒவ்வொரு கம்பியிலும், நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டைகளான ஃபிரெட்டுகளில் ஒவ்வொன்றாக ஏறி, சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்க வேண்டும். ஃபெண்டர் பேஸ்களில் ஜி கம்பியின் ஐந்து முதல் ஏழாவது ஃபிரெட்டுக்குள் ஒரு சுரம் சட்டென்று செத்துவிடும். நெக் தானாக அதிரும் வேகமும் அந்தச் சுரத்தின் வேகமும் ஒன்றாகிவிடுவதால் கம்பியின் ஆற்றலை நெக் உறிஞ்சிவிடுகிறது. ஏறக்குறைய எல்லா ஃபெண்டரிலும் இது கொஞ்சம் உண்டு. எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஹெட்ஸ்டாக்கில் சின்ன எடை ஒன்றைக் கவ்வவிட்டால் அந்த இடம் நகரும், போகாது. மெதுவான பாட்டில் நீண்ட சுரம் பிடிக்கிறவர்களுக்கு இது தலைவலி. இந்த பேஸில் ஆறாவது ஃபிரெட்டில் லேசாகக் குறைந்ததே தவிர சாகவில்லை.

பிறகு நெக்கின் வளைவு. முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் கம்பியை அழுத்திப் பிடித்து, நடுவில் ஏழு எட்டாவது ஃபிரெட் பக்கம் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் சரி. அதிகமாக இருந்தால் நெக்குக்குள் ஓடும் இரும்புத் தண்டான டிரஸ் ராடை முறுக்கிச் சரிசெய்யலாம், ஆனால் முறுக்க இன்னும் இடம் இருக்கிறதா என்பது முக்கியம். பழைய ஃபெண்டரில் ராடை முறுக்கும் நட் (கம்பிகள் தங்கும் நட் வேறு) நெக்கின் அடிமுனையில் இருப்பதால், தேதி பார்க்கக் கழற்றும்போதே இதையும் பார்த்துவிட வேண்டும். நட் முழுக்க உள்ளே போயிருந்தால் ராடு தன் எல்லையைத் தொட்டுவிட்டது. அப்புறம் ஹெட்ஸ்டாக்கிலிருந்து கண்ணை ஓட்டி, நெக் முறுக்கிக்கொண்டிருக்கிறதா, பாடியோடு சேரும் இடத்தில் கடைசி ஃபிரெட்டுகள் மேலே எழும்புகின்றனவா என்று பார்ப்பேன். அந்த எழும்பலை ராடால் சரிசெய்ய முடியாது. ஃபிரெட்டைக் கழற்றி, அது பதிந்திருக்கும் பலகையான ஃபிங்கர்போர்டை இழைக்க வேண்டும். 1962 நடுவிலிருந்து ஃபெண்டர் ரோஸ்வுட்டைத் தடித்த பலகையாக வைக்காமல் மெல்லியதாக ஒட்டியது. அதில் இழைக்கக் கிடைக்கும் மரம் குறைவு.

இந்த நெக் நேராக இருந்தது. ராடில் பாதிக்கு மேல் இடம் இருந்தது. ஒருமுறை ஃபிரெட் மாற்றியிருக்கிறார்கள், சுத்தமான வேலை. ஆம்பில் போட்டதும் தம்பி பேச்சை நிறுத்திவிட்டான். அடித்தொனி கனமாக, ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக நின்றது.

விலை பேசும்போது கேட்கும் விலைகளைப் பார்ப்பதில் பயனில்லை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். ரிவர்ப், ஈபே போன்ற தளங்களில் உண்மையில் விற்ற விலைகளைத் தேடிப் பார்க்கலாம். அதே ஆண்டு, அதே மாடல், எல்லாம் அசல் என்றால் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். திரும்பப் பெயிண்ட் அடித்திருந்தால் ஏறக்குறைய 50 என்பது சந்தையில் ஊறிப்போன வழக்கம். அதிலிருந்து மாற்றிய பொட், ஃபிரெட், காணாமல் போன மூடி என்று சின்னச் சின்னதாகக் கழிப்பேன். பாடியைக் குடைந்து மூன்றாவது பிக்கப்போ பேட்டரிப் பெட்டியோ வைத்திருந்தால் கழிவு பெரிது, ஏனென்றால் போன மரம் திரும்பாது. ஃபிரெட்டைப் பிடுங்கிவிட்ட நெக்கும் அப்படித்தான். ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஜாஸ் பேஸை ஃபிரெட் இல்லாமல் வாசித்துப் புகழ்பெற்ற பிறகு, அவரைப் பார்த்துப் பிடுங்கிய பேஸ்கள் ஏராளம்.

கண்டதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் மறைக்காமல் காட்டினோம். நல்லதையும் சேர்த்துத்தான். நெக், பிக்கப், பிக்கார்டு அசல் என்று தெரிந்ததில் அவருக்கு மகிழ்ச்சி. அவர் கேட்ட விலை அசல் 64-க்குக் குறைவு, பெயிண்ட் மாற்றியதற்குக் கொஞ்சம் அதிகம். நடுவில் ஒத்துப்போனார்கள். தம்பி இன்றும் அதைத்தான் வாசிக்கிறான். சேகரிப்பாளர் தொடமாட்டார் என்பதால்தான் அவனைப் போன்ற வாசிப்பாளருக்கு அப்படிப்பட்ட நெக் கைக்கு எட்டியது.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்திருக்கிறேன். எழுபதுகளின் கடைசியில் வந்த ஜாஸ் பேஸ். பெயிண்ட், பொட், பிக்கப், உறை என்று ஒன்றுகூட மாறவில்லை. தராசில் ஐந்து கிலோ தொட்டது. அந்தக் காலத்து ஆஷ் மரப் பாடிகளில் இது சாதாரணம், ஆனால் மூன்று மணி நேரக் கச்சேரியில் தோள் கழன்றுவிடும். நான்குக்குப் பதில் மூன்று ஸ்க்ரூவில் நிற்கும் நெக் என்பதற்காகவே இந்த பேஸ்களைச் சிலர் ஒதுக்குகிறார்கள். அது நியாயமில்லை. ஹெட்ஸ்டாக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் லேசாகத் தள்ளிப் பாருங்கள், நகராவிட்டால் மூன்று ஸ்க்ரூவே போதும். இதில் அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் நெக் முறுக்கியிருந்தது, ராடும் எல்லையில் நின்றது. சேர்த்து வைப்பவருக்கு, விற்றவர் கேட்டது சரியான விலை, அப்படி ஒருவரே வாங்கிக்கொண்டும் போனார். எனக்கு அது வாசிக்கும் பேஸ் இல்லை.

1965 ஜனவரியில் அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ் ஃபெண்டரை 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு வாங்கியது. அதற்கு முந்தையவை என்றாலே விலை தாவும். மறுநாள் காலையில் தொழிற்சாலையில் ஆட்களும் மரமும் இயந்திரமும் மாறிவிடவில்லை, மாற்றங்கள் படிப்படியாக வந்தன. வாசிக்க வாங்குபவர் 65, 66 பேஸ்களை நிதானமாகப் பார்க்கட்டும். அதைவிடக் குறைந்த செலவில் வேண்டும் என்றால் 1982-ல் ஜப்பானின் ஃபூஜிஜென் ஆலையில் தொடங்கிய, JV என்று எண் ஆரம்பிக்கும் ஃபெண்டர்களை நான் தயங்காமல் சொல்வேன். நெக் வேலை அவ்வளவு நேர்த்தி.

அறுபதுகளின் நடுப்பகுதி வரை ஃபிங்கர்போர்டு பிரேசில் ரோஸ்வுட்டாக இருக்கலாம். இந்த மரம் 1992 முதல் அருகும் உயிரினங்களுக்கான சைடீஸ் ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான முதல் பட்டியலில் இருக்கிறது. 2019-ல் மற்ற ரோஸ்வுட் இசைக்கருவிகளுக்குக் கிடைத்த தளர்வு இதற்குப் பொருந்தாது. இங்கே வாங்கிச் சென்னைக்கு எடுத்துப்போகலாம் என்று நினைப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே அனுமதித் தாள்களைப் பற்றி விசாரித்துவிடுங்கள். விமான நிலையத்தில் பறிமுதல் ஆனால் மீட்பது கடினம்.

வாங்கிய பிறகு பொட், பிரிட்ஜ், டியூனர் எதை மாற்றினாலும் பழையதைத் தூக்கிப் போடாதீர்கள். ஸ்க்ரூக்களையும் சேர்த்து ஒரு பையில் போட்டு, எந்த மாதம் மாற்றியது என்று எழுதி, பேஸின் உறைக்குள்ளேயே வைத்துவிடுங்கள். தம்பியின் உறையில் அப்படி ஒரு பை இருந்தது. உள்ளே இருந்தது 64-ல் வந்த டோன் பொட். கரகரப்பு இன்னும் இருந்தது. இப்போதைக்கு 74 பொட்டையே விட்டுவைத்திருக்கிறோம்.